நாற்பதில் திக்கும் வண்டி

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. முழுக்க என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் மஸ்கட்டுக்குத் தெற்கே இருக்கும் இப்ரா ஊரின் சனாயாவில், அதாவது பட்டறையும் உதிரிபாகக் கடையுமாக நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் தொழிற்பேட்டையில், இருபத்து மூன்று வருடமாகக் கடை நடத்துகிறவனுக்குக் கற்பனை செய்ய நேரம் ஏது? கேட்டதை எழுதுவேன். கேட்டதில் எனக்குப் பிடிக்காததை மாற்றுவேன். (இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

ஒரு வியாழக்கிழமை காலை சுவைலிம் கடைக்குள் வந்தார். வஹீபா மணல் என்கிற பாலைவனத்தைச் சேர்ந்தவர், பந்தய ஒட்டகம் வளர்ப்பவர், அறுபதை நெருங்கும் வயது. கோபம் வந்தால் தலைத்துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார். அன்று துண்டு தோளில் இருந்தது.

"அபூ நிலா! உன் பக்கத்துக் கடைப் பொண்ணு என் வண்டியோட குரலைத் திருடிட்டா."

(என் மகள் பெயர் நிலா. அதனால் இந்த ஊரில் நான் அபூ நிலா, நிலாவின் அப்பா. என் சொந்தப் பெயரை விசா புதுப்பிக்கும்போது மட்டும் யாராவது கூப்பிடுவார்கள்.)

பிரேக் கத்துகிறது, ஏசி ஒழுகுகிறது, கதவு மூடவில்லை என்று எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். குரல் திருட்டுப் புகார் அதுவரை வந்ததில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்த வரியை அப்படியே எழுதிவைத்தேன். இதைக் கதையாக எழுதி முடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். இது ஆறாவது முயற்சி. ஐந்து முயற்சியும் ஒரே இடத்தில் நின்றன. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

முதல் முயற்சி இப்படித் தொடங்கியது: "வஹீபா மணல்மேடுகளின் மீது மாலைச் சூரியன் பொன்னை வாரி இறைத்துக்கொண்டிருந்த

அங்கேயே நிறுத்தி, அந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டு மேலே எழுதினேன். இங்கே வாழ்கிறவர்கள் யாரும் சூரியனை அப்படிப் பார்ப்பதில்லை. நிழல் எங்கே என்றுதான் பார்ப்போம்.

இரண்டாம் முயற்சி: "ரய்யா பின்த் ஹமத், ஆண்களின் கோட்டைக்குள் நுழைந்த புரட்சிப் பெண்." இதை அரபியில் வாய்மொழியாக ரய்யாவிடமே சொல்லிக் காட்டினேன். அவள் ஒரு வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டிருந்தாள். வெளியே எடுக்காமலே பதில் சொன்னாள்.

"புரட்சியா? யாருக்கு? எனக்கு முதுகு வலிக்குது அபூ நிலா. அதை எழுதுங்க."

"அப்போ உன்னை எப்படி ஆரம்பிக்க?"

"வண்டிக்குள்ள ஒரு கணினி இருக்கு. எப்போ எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போ கியர் மாத்தணும்னு அதுதான் முடிவெடுக்குது. அந்த முடிவை நான் மாத்தறேன். அவ்வளவுதான் நான். இதுல கோட்டை எங்கேயிருந்து வந்துச்சு?"

ஆகவே அவ்வளவுதான் அவள். இருபத்தெட்டு வயது. மஸ்கட்டில் பொறியியல் படித்துவிட்டு வந்து, அப்பாவின் டயர் கடையில் பாதியைத் தடுத்துப் பட்டறை வைத்தவள். கறுப்பு அபாயா அங்கியின் கைகளை முழங்கைவரை ரப்பர் வளையம் போட்டு நிறுத்தியிருப்பாள். மணல்மேடு ஏறும் வண்டிக்காரர்கள் வேகத்துக்காக வருவார்கள், டாக்சிக்காரர்கள் பெட்ரோல் சிக்கனத்துக்காக வருவார்கள். அவள் பட்டறைச் சுவரில் ஒரே ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கும்: பழையதைச் சேமிக்காமல் புதியதை எழுதாதே. வண்டிக் கணினிக்குள் ஏற்கெனவே இருப்பதை முதலில் முழுசாகப் படித்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் ஓர் எண்ணையாவது தொடலாம் என்று அர்த்தம்.

எழுதுகிறவர்களுக்கும் நல்ல விதிதான். நான் கடைப்பிடிப்பதில்லை.

3

இனிமேல் நேராகப் போகலாம்.

ஒட்டகப் பந்தயத்தில் ஒட்டகத்தின் மேல் ஆள் உட்கார்வதில்லை. சின்ன ரோபோ ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அதற்குள் ஓர் ஒலிபெருக்கி. வேலிக்கு வெளியே உரிமையாளர்கள் வண்டியில் கூடவே ஓட்டிக்கொண்டு வாக்கிடாக்கியில் கத்த, அந்தக் கத்தல் ஒட்டகத்தின் முதுகிலிருந்து கேட்கும். ஆறு கிலோமீட்டர் ஓட்டம். வேகம் மணிக்கு ஏறக்குறைய நாற்பது.

இந்த நாற்பதில்தான் சிக்கல். சுவைலிமின் வெள்ளை பிக்கப், முப்பதில் ஒழுங்காகப் போகும், அறுபதிலும் ஒழுங்காகப் போகும். நாற்பதில் மட்டும் இரண்டாவது கியரா மூன்றாவதா என்று முடிவெடுக்க முடியாமல் திக்கும். இஞ்சின் ஒரு தரம் அலறும், அடங்கும், மறுபடி அலறும். பந்தயம் முழுக்க இதே கூத்து.

"நாப்பதுல போனா பல்லு ஆடுது, மகளே. பெட்ரோலும் எருமை மாதிரி குடிக்குது. ஒட்டகத்தோட பக்கத்துல பதவிசா ஓடற மாதிரி பண்ணிக் குடு" என்று அவர் ரய்யாவிடம் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அது திங்கட்கிழமை மதியம்.

"பண்ணிடலாம் பெரியப்பா" என்றாள் ரய்யா.

(அரபியில் அவள் சொன்னது அப்பாவின் சகோதரரைக் குறிக்கும் சொல். இரத்த உறவெல்லாம் இல்லை, மரியாதைதான். தமிழில் எனக்குப் பெரியப்பாவைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. சுவைலிமும் பெரியப்பா மாதிரிதான் நடந்துகொள்வார்: கேட்காத ஆலோசனை தருவார், பேரீச்சம்பழம் கொண்டுவருவார்.)

பழையதைப் படித்து எடுக்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க வண்டிச் சாவி ஆனில் இருக்க வேண்டும், பேட்டரி இறங்கும். அதனால் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டியிருந்தாள். லேப்டாப் திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். ரய்யா உள்ளறைக்குத் தொழப் போனாள், சுவைலிம் பள்ளிவாசலுக்குப் போனார். போகும்போது ரய்யா என்னைப் பார்த்து, "ஒரு கண்ணு வெச்சிக்கங்க அபூ நிலா" என்றாள்.

அந்த நேரத்தில் சார்ஜரின் வயர் தானாகக் கழன்றுவிட்டது.

(ஐந்து முயற்சியிலும் இந்த வாக்கியம் இப்படியேதான் இருக்கிறது. ரய்யாவிடம் வாய்மொழியாகச் சொன்னதும் இதுதான்.)

பேட்டரி இறங்கி, படிப்பது பாதியில் நின்றது. ரய்யா திரும்பி வந்தபோது வயர் மறுபடி மாட்டப்பட்டிருந்தது. திரையில் சேமித்த கோப்பு பெயரோடு இருந்தது. சரியாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

வேலை அற்புதம். மாலை ஆறு மணிக்குள் பிக்கப் வேறு வண்டியாகிவிட்டது. சனாயாச் சாலையில் நாற்பதில் ஓட்டிக்கொண்டே சுவைலிம் ஒரு கிண்ணம் கஹ்வா, அதாவது பால் இல்லாத அரபிக் காப்பி குடித்தார், சொட்டுச் சிந்தவில்லை. ரய்யாவின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

4

வியாழக்கிழமை குரல் திருட்டுப் புகாரோடு வந்தவரை நானே ரய்யாவிடம் கூட்டிப்போனேன்.

"வண்டி நல்லா ஓடலையா பெரியப்பா?"

"நல்லா ஓடுது. அதான் வினை."

"திக்குதா?"

"திக்க மாட்டேங்குதும்மா! அதைத்தானே சொல்றேன்."

ரய்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சுவைலிம் உட்கார்ந்துகொண்டு முறையாகச் சொன்னார். "என் ஒட்டகம் மயாஸா இருக்காளே, குட்டியில இருந்து இந்த வண்டி கூடவே ஓடிப் பழகினவ. வண்டி அலறினா கழுத்தை நீட்டுவா. அடங்கினா மூச்சு வாங்கிப்பா. மறுபடி அலறினா மறுபடி நீட்டுவா. நான் குச்சியை ஒரு நாளும் தொட்டதில்லை. நேத்து பயிற்சிக்கு விட்டேன். ரெண்டு கிலோமீட்டர் ஓடினா. நின்னுட்டா. நின்னு என்னைத் தேடறா! நான் பக்கத்துலயே இருக்கேன், வேலிக்கு இந்தாண்ட, கத்திக்கிட்டே இருக்கேன். அவ தூரத்துல போற லாரியைப் பாத்துட்டு நிக்கறா."

"குரல் உங்களோடதுதானே? அது கேக்குமே."

"என் குரலை வண்டிக் குரலோட சேத்துத்தான் அவளுக்குத் தெரியும். வண்டி இல்லாம நான் மட்டும் கத்தினா, யாரோ பைத்தியக்காரன் கத்தறான்னு நினைக்கிறா."

மயாஸா அவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாதி அவர் மச்சான் முசல்லமுக்குச் சொந்தம். இரண்டு வருடமாக அவள் பெரிதாக எதுவும் கிழிக்கவில்லை என்பது முசல்லமின் கட்சி. அவர்களுக்குள் பேச்சு இதுதான்: இந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயம் அடுத்த செவ்வாய்க்கிழமை. முதல் பத்துக்குள் வந்தால் மயாஸா சுவைலிமிடமே இருப்பாள். வராவிட்டால் வியாழக்கிழமை சினாவ் கால்நடைச் சந்தைக்குப் போவாள். சந்தையில் வாங்குகிறவர் ஓட்டத்துக்கு வாங்குவாரா, கறிக்கு வாங்குவாரா என்று யாரும் கேட்பதில்லை.

"அழாதீங்க பெரியப்பா."

"யாரு அழறா? மணல்." பட்டறைக்குள் மணல் இல்லை. "பழசையே திருப்பிப் போட்டுடு, மகளே. எனக்கு நல்ல வண்டி வேண்டாம்."

"இதோ. பத்து நிமிஷம்."

ரய்யா லேப்டாப்பைத் திறந்தாள். கோப்பைத் தேடினாள். அதன் அளவைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணுல ரெண்டு பங்குதான் இருக்கு."

"மீதி?"

"இல்ல. படிக்கறது நடுவுல நின்னுருக்கு. நான் அளவைப் பாக்காம மூடிட்டேன்." சுவரில் ஒட்டியிருந்த தன் விதியைப் பார்த்தாள். "தப்பு என்னோடது பெரியப்பா. வேற யார் மேலயும் இல்ல."

அவள் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. நான் கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கடையில் யாரும் வரவில்லை.

5

உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். எனக்கும் வந்தது. நாற்பது வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடும் இரைச்சலில் ஓர் ஒட்டகத்துக்கு ஒரே ஓர் இஞ்சின் தனியாகக் கேட்குமா? மயாஸாவுக்குக் காலில் ஏதாவது வலியாக இருக்கலாம். வயதாகியிருக்கலாம். அல்லது சுவைலிமே ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருக்கலாம். ஒரு கதாபாத்திரத்தை எழுத்தாளனே நம்பாவிட்டால் வாசகர் எப்படி நம்புவார் என்று எனக்குக் கவலை. அதனால் வெள்ளிக்கிழமை அவரிடமே கேட்டேன்.

"ஏன் அபூ நிலா, சந்தைக் கூட்டத்துல உன் அம்மா உன்னைக் கூப்பிட்டா, திரும்புவியா மாட்டியா?"

"திரும்புவேன்."

"அப்போ உனக்கு ஒட்டகத்தை விட அறிவு கம்மி இல்ல. சந்தோஷப்படு."

ரய்யாவிடமும் கேட்டேன். அவளுக்கு ஒட்டகத்தின் மனசைப் பற்றிக் கவலையே இல்லை. "திக்கும்போது ஓடினா. திக்கலைன்னா நின்னா. நடுவுல மாறினது ஒண்ணே ஒண்ணு. அதைத் திருப்பிக் குடுக்கறது என் வேலை. நம்பறதும் நம்பாததும் உங்க வேலை."

அதே மாடல் வண்டிக்குக் கம்பெனி போட்டுத் தரும் கோப்பு ஒன்றை வரவழைத்துப் போட்டுப் பார்த்தாள். வண்டி ஷோரூமிலிருந்து வந்த மாப்பிள்ளை மாதிரி ஓடியது, திக்கவே இல்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்தத் திக்கல் எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததல்ல. சுவைலிமுக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்த எவனோ, எங்கேயோ ஒரு பட்டறையில் அரைகுறையாகக் கைவைக்கச் சொல்லியிருக்கிறான். உலகத்தில் அப்படி ஒரு கோப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. இஞ்சின் பங்கு கிடைத்துவிட்டது, கியர் பங்கு போய்விட்டது.

"அப்போ முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாதுன்னு யாரு சொன்னா? இன்னும் நாலு நாள் இருக்கு" என்றாள்.

இங்கே ஒரு திருத்தம். முன்பு வயர் தானாகக் கழன்றது என்று எழுதியிருந்தேன். அது அவ்வளவு சரியில்லை. பட்டறையில் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதில் ஒரே ஒரு துளைதான் வேலை செய்யும். விருந்தாளிக்கு வைத்திருந்த கஹ்வா ஆறிப்போயிருந்தது. ஆறிய கஹ்வாவை விருந்தாளிக்குக் கொடுப்பது இந்த ஊரில் பெரிய அவமரியாதை. ஆகவே அதைச் சூடாக்குவதற்காக யாரோ சார்ஜரின் ப்ளக்கைக் கொஞ்ச நேரம் பிடுங்கியிருக்கிறார்கள்.

யாரோ என்றால்

6

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று விடியற்காலை.

ரய்யா பக்கத்து சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவைலிம் ஓட்டினார். நான் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். பயிற்சித் தடத்தில் ஒட்டகம் இல்லை, வண்டி மட்டும்தான். முதலில் ரய்யாவுக்குத் தெரிய வேண்டியது, பழைய சத்தம் எப்படி இருந்தது என்பது. அதற்குப் பதிவு எதுவும் கிடையாது. சுவைலிமின் தொண்டைதான் பதிவு.

"ம்ம்ம்ம்... ஙாஆஆஆ... ம்ம்" என்றார் சுவைலிம். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க.

ரய்யா சிரிக்கவில்லை. தொடையில் விரலால் தட்டி இடைவெளியை எண்ணினாள். "ம்ம்ம் எவ்வளவு நேரம்? மறுபடி."

"ம்ம்ம்ம்... ஙாஆஆஆ..."

"ஙா ஏறும்போது வண்டி முன்னாடி தள்ளுமா, பின்னாடி இழுக்குமா?"

"முதல்ல தலை பின்னாடி போகும். அப்புறம் மூக்கு கண்ணாடிக்குப் போகும்."

அதைக் குறித்துக்கொண்டாள். எண்களை மாற்றினாள். நாற்பதில் ஓடினார்கள். திரும்பி வந்தார்கள்.

"எப்படி?"

"இது பூனை. என் வண்டி கழுதை."

மறுபடி மாற்றினாள். மறுபடி ஓடினார்கள்.

"இப்போ?"

"கழுதைதான். ஆனா சின்னக் கழுதை."

நல்ல வண்டியைக் கெடுப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அவள் படித்த படிப்பெல்லாம் திக்கலை எடுக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறது. போடுவதற்குப் பாடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வண்டி நடுத்தடத்தில் நின்றே போனது. "விட்டுடு மகளே, நீ பட்டது போதும்" என்றார் சுவைலிம். ரய்யா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் தொலைச்சதை நான்தான் தேடணும். வண்டியை எடுங்க பெரியப்பா."

திங்கள் விடியலில் பதினேழாவது தடவை. வண்டி நாற்பதைத் தொட்டது. ம்ம்ம்ம், தலை பின்னால் போனது. ஙாஆஆஆ, மூக்கு கண்ணாடிக்குப் போனது. சுவைலிம் பிரேக்கை மிதித்துவிட்டு ஸ்டியரிங்கை முத்தமிட்டார்.

"பல்லு ஆடுது! அல்ஹம்துலில்லாஹ், பல்லு ஆடுது!"

அதற்குப் பிறகு மயாஸாவைக் கொண்டுவந்தார்கள். மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஓடினாள். அதற்கு மேல் அன்று விடவில்லை, மறுநாளைக்கு மிச்சம் வேண்டுமே.

7

ஐந்து முயற்சியும் நின்ற இடம் இதுதான். ஐந்தாம் பகுதியில் பாதியில் விட்ட வாக்கியத்தை முடிக்காமல் பந்தயத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

ப்ளக்கைப் பிடுங்கியது நான்.

அதுவும் கஹ்வாவுக்காக இல்லை. சுவைலிமின் கஹ்வா ப்ளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க இருந்தது. எனக்கு நாலு மணிக்கு டீ வேண்டும், பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு. இருபத்து மூன்று வருடப் பழக்கம். அவர்கள் இரண்டு பேரும் தொழுதுகொண்டிருந்தபோது நான் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகினேன். டீ கொதித்தது. லேப்டாப்பில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. சரி என்று இருந்த இடத்தில் அழுத்தினேன், பெட்டி போய்விட்டது. பிறகு எல்லாவற்றையும் இருந்த மாதிரியே மாட்டி வைத்துவிட்டேன். டீ நன்றாக இருந்தது.

அவள் "தப்பு என்னோடது" என்றபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அவள் மூன்று விடியற்காலை முதுகு ஒடிய வேலை செய்ததை நான் வேலியோரம் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். தமிழில் எழுதினால் இங்கே யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் கதையாக எழுதினேன். அதிலும் பொய்தான் எழுதினேன்.

இப்போது பந்தயத்துக்குப் போகலாம்.

8

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. வழக்கமாக சுவைலிமுக்கு வாக்கிடாக்கி பிடிப்பவர் முசல்லம். அவர் அன்று தன் லாரியைச் சந்தைக்குப் போகத் தயாராகக் கழுவி, பந்தயத் திடலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சுவைலிம் அவரோடு பேசவில்லை.

"அபூ நிலா, பின்னாடி ஏறு. இந்தப் பொத்தானை அழுத்திப் பிடிச்சிக்க. கையை என் வாய்க்கிட்ட நீட்டு. வேற ஒண்ணும் பண்ணாத."

வேற ஒண்ணும் பண்ணாத. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த திரை உயர்ந்தது. முப்பத்திரண்டு ஒட்டகங்கள் பாய்ந்தன. நாங்களும் பாய்ந்தோம், முன்னாலும் பின்னாலும் வண்டிகள், ஹாரன், புழுதி. மயாஸாவுக்கு நீலத் துணி. முதல் கிலோமீட்டரில் பன்னிரண்டாவதாகவோ பதின்மூன்றாவதாகவோ இருந்தாள். வேகமானி நாற்பதைத் தொட்டது.

வண்டி திக்கவில்லை.

"என்னாச்சு?" என்றார் சுவைலிம். ரேடியோவில் அது மயாஸாவுக்கும் கேட்டிருக்கும்.

ரய்யா முன் சீட்டில், மடியிலிருந்த லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சின் ஒரே சீராக உறுமியது. இரண்டாவது கிலோமீட்டர். மயாஸாவின் கழுத்து நிமிர்ந்தது. தூரத்தில் எதையோ தேடுகிற நிமிர்வு. இரண்டு ஒட்டகங்கள் அவளைத் தாண்டின.

"நிக்கப் போறா. ரய்யா! நிக்கப் போறாம்மா!"

"எடை!" என்று கத்தினாள் ரய்யா. "நேத்து ரெண்டு பேரு. இன்னிக்கு மூணு பேரு. பாரம் கூடினதால கியர் மேல ஏறவே மாட்டேங்குது." பின்னால் திரும்பினாள். "அபூ நிலா, நீங்க எத்தனை கிலோ?"

"எண்பத்தாறு."

விரல்கள் ஓடின. வண்டி ஒரு தடவை விக்கியது. அவ்வளவுதான்.

"உண்மையைச் சொல்லுங்க!"

"தொண்ணூத்தி நாலு!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் திறந்துகொண்டுவிட்டது. "ரய்யா, அந்த ப்ளக்கைப் பிடுங்கினது நான்தான்! டீ போடறதுக்கு! சிவப்பா வந்த பெட்டியையும் நான்தான் அழுத்தி விரட்டினேன்! உன் தப்பே இல்லம்மா!"

பொத்தான் என் விரலுக்கடியில் அழுந்தியபடியே இருந்தது. என் வாக்குமூலம் முழுக்க மயாஸாவின் முதுகிலிருந்து ஒலித்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

ரய்யா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன். பிறகு திரும்பி, தொண்ணூற்று நாலைப் போட்டாள்.

ம்ம்ம்ம். எல்லோர் தலையும் பின்னால் போனது. ஙாஆஆஆ. என் மூக்கு முன் சீட்டில் இடித்தது.

அதே நேரத்தில் சுவைலிம் தொடங்கினார். "டீயா? டீயா! அடப்பாவி, பால் ஊத்தின டீக்காகவா என் பொண்ணை சந்தைக்கு அனுப்பப் பாத்தே? உன் கெட்டில்ல தேளு விழ! உன் நாக்கு வெந்து போக! ஓடு! எங்கேயாச்சும் ஓடிப் போயிடு! என் கண்ணு முன்னாடி நிக்காத, ஓடு!"

வாக்கிடாக்கி அவர் வாய்க்கருகில்தான் இருந்தது. அவர் என்னைத் திட்டிய திட்டு அத்தனையும் அவள் முதுகில் முழங்கியது. கூடவே இஞ்சின் அலறி, அடங்கி, அலறியது.

மயாஸாவின் இடது காது எங்கள் பக்கம் திரும்பியது. கழுத்து இறங்கி, முன்னால் நீண்டது.

9

முடிவுகள்.

(அ) எட்டாவதாக வந்தாள். முசல்லம் லாரியிலிருந்து இறங்கி வந்து மச்சானைக் கட்டிக்கொண்டார்.

(ஆ) பதினோராவதாக வந்தாள். ஒரே ஒரு மூக்கு வித்தியாசம்.

(இ) எத்தனையாவது என்பதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் கடைசி வளைவில் சுவைலிம் என்னை வண்டியிலிருந்து

ரய்யாவிடம் மூன்றையும் சொல்லிக் காட்டினேன். ப்ளக் விஷயத்துக்குப் பிறகு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"ஜெயிச்சதா எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. தோத்ததா எழுதினா பெரியப்பா உங்களை உயிரோட விட மாட்டாரு. என்ன பண்ணப் போறீங்க?"

"நீயே சொல்லு."

"பழசைச் சேமிச்சிட்டீங்களா? எல்லா முயற்சியும்?"

"இந்தத் தடவை சேமிச்சிட்டேன். பொய் எழுதின வரியைக்கூட அழிக்கல."

"அளவு பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். சரி என்றாள். அவள் பட்டறை எக்ஸ்டென்ஷன் பெட்டிமேல் இப்போது புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதில் என் பெயர் இருக்கிறது. அபூ நிலா இல்லை, பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப்பெயர், அரபியில், தப்பில்லாமல். பெயருக்குக் கீழே, தொடாதே.

எத்தனையாவது என்ற எண்ணை நான் எழுதப்போவதில்லை. அது என்னிடம் இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. கதையில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் உங்களுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளுங்கள். மீதி நான்கு கிலோமீட்டர் உங்களுடையது. அந்தக் காது திரும்பியது இஞ்சினுக்கா, திட்டுக்கா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அதுவும் இன்று காலை நடந்தது என்பதால். சுவைலிம் ஆயில் ஃபில்டர் வாங்கக் கடைக்கு வந்தார். தலைத்துண்டு தலையிலேயே இருந்தது. பிக்கப் வாசலில் நின்று ஒரு தடவை அலறிவிட்டு அடங்கியது. பாவமாக இருந்தது எனக்கு.

"பெட்ரோல் ரொம்பக் குடிக்குதே. ரய்யாகிட்ட சொல்லி அந்தத் திக்கலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

ஃபில்டரை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"என் வண்டியில கை வெச்சுப் பாரு" என்றார். "கெட்டிலோட சேத்துக் கையையும் ஒடிச்சிடுவேன்."